வட்டப்பாதை கணக்கு: மையத்தைப் பாத்து யார் இழுக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க

வட்டமா சுத்துற பொருள் பத்தின கணக்குல பசங்க தடுமாறுறதுக்கு ஃபார்முலா காரணமே இல்ல, ஃபார்முலா ரெண்டு மூணுதான், அதையும் எல்லாரும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. தடுமாறுற இடம் படம் போடுற இடம். எடைக்கு ஒரு அம்புக்குறி, ரோடு மேல தள்ளுற நார்மலுக்கு ஒண்ணு, ஃப்ரிக்‌ஷனுக்கு ஒண்ணு, இது வரைக்கும் சரி, அப்புறம் மையத்தைப் பாத்து நாலாவதா ஒரு அம்பு போட்டு அதுக்குப் பக்கத்துல மையநோக்கு விசைன்னு எழுதிடுறாங்க. அந்த நாலாவது அம்பு போட்ட உடனே கணக்கு கெட்டுப்போச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு சுத்தமா பெருக்கி வகுத்தாலும் விடை வராது.

நான் மொரீஷியஸ்ல ரோஸ் ஹில் பக்கம் எச்எஸ்சி (நம்ம பன்னெண்டாவது மாதிரி) பசங்களுக்கு ஃபிசிக்ஸ் லெசோன், அதாவது டியூஷன், எடுக்கிறேன். இங்க பசங்க வீட்ல பேசுறது க்ரியோல், பரீட்சை எழுதுறது இங்கிலீஷ்ல கேம்ப்ரிட்ஜ் பேப்பர், ஆனா தமிழ்ல ஒரு தடவை நிதானமா சொன்னா சில பேருக்கு டக்குனு புரியுது, கூட உக்காந்து கேக்குற அப்பா அம்மாவுக்கும் புரியுது. அதனால தமிழ்லயே எழுதுறேன். சென்னைல பன்னெண்டாவது படிக்கிறவங்களுக்கும் யாழ்ப்பாணத்துல ஏ லெவல் படிக்கிறவங்களுக்கும் விஷயம் ஒண்ணுதான், கணக்குல வர்ற ஊர் மட்டும் எங்க ஊர்.

எழுத்துங்களை முதல்ல சொல்லிடுறேன், பின்னாடி இதையேதான் பேசப்போறோம். நிறை எம், வேகம் வி, வட்டத்தோட ஆரம் ஆர், ஒரு சுத்துக்கு ஆகுற நேரம் டி, ஒரு வினாடிக்கு எத்தனை ரேடியன் (கோணத்தோட அளவு, ஒரு முழு சுத்து 2 பை ரேடியன்) திரும்புதுங்கிறது ஒமேகா, புவியீர்ப்பு முடுக்கம் ஜி, அதை 9.81னு எடுத்துக்குவோம்.

முடுக்கம் எங்கருந்து வருது

வேகம் மாறவே இல்ல, மணிக்கு 36 கிலோமீட்டர்லயே போறான், அப்புறம் எப்படி சார் முடுக்கம்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி, இதைக் கேக்காம போற பையன்தான் பின்னாடி மாட்டுவான். வேகத்துக்கு அளவு மட்டும் இல்ல, திசையும் இருக்கு. வண்டி வடக்கே பாத்து போயிட்டிருந்தது, கால் சுத்து முடிஞ்சதும் கிழக்கே பாத்து போகுது, வடக்கே போன வேகம் எங்க போச்சு, கிழக்கே போற வேகம் எங்கருந்து வந்துச்சு? யாரோ ஒருத்தர் பக்கவாட்டுல தள்ளி மாத்திருக்காங்க. அதுதான் முடுக்கம்.

எவ்வளவுன்னு கண்டுபிடிக்க ஒரு அழகான வழி இருக்கு, இது தெரிஞ்சா ஃபார்முலாவை மறக்கவே மாட்டீங்க. வேகத்தை ஒரு அம்பா வரைங்க, அம்போட நீளம் வி. பொருள் ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள இந்த அம்பும் ஒரு முழு சுத்து திரும்பிடும். அப்போ அம்போட நுனி போன தூரம் 2 × பை × வி. ஆன நேரம் டி. வேகம் மாறின அளவை நேரத்தால வகுத்தா முடுக்கம், அதாவது 2 × பை × வி ÷ டி. 2 பை ÷ டி தான் ஒமேகா, அதனால முடுக்கம் = வி × ஒமேகா. வி = ஆர் × ஒமேகான்னு போட்டுப் பாத்தா அதுவே வி² ÷ ஆர், அதுவே ஆர் × ஒமேகா². மூணும் ஒண்ணுதான். கணக்குல வேகம் குடுத்திருந்தா வி² ÷ ஆர், சுத்து எண்ணிக்கையோ நேரமோ குடுத்திருந்தா ஆர் ஒமேகா², தேவையில்லாம ஒண்ணை இன்னொண்ணா மாத்தி நேரத்தை வீணாக்காதீங்க.

திசை எப்பவும் மையத்தைப் பாத்து. விடை எழுதும்போது "மையத்தை நோக்கி"ன்னு ஒரு வார்த்தை கட்டாயம் எழுதுங்க, முடுக்கம் வெக்டார் (அளவும் திசையும் சேர்ந்தது), திசை சொல்லாம விட்டா பாதி விடைதான்.

இப்ப முக்கியமான விஷயம். எம் வி² ÷ ஆர்ங்கிறது ஒரு புது விசை இல்ல. அது நியூட்டனோட ரெண்டாவது விதியில சமன்குறிக்கு வலது பக்கம் இருக்கிற "நிறை × முடுக்கம்", அவ்வளவுதான். இடது பக்கம் நிஜமான விசைங்க உக்காரணும். கயிறு இழுக்குது, ரோடு உரசுது, சுவர் தள்ளுது, பூமி இழுக்குது, இப்படி ஒவ்வொரு அம்புக்கும் ஒரு ஆள் இருக்கணும். நான் லெசோன்ல ஒவ்வொரு அம்பையும் காட்டி "இது யார் குடுக்கிறது?"ன்னு கேப்பேன், பேர் சொல்ல முடியாத அம்பை அழிச்சிடணும். இந்த ஒரு கேள்வியை விடாம கேட்டாலே இந்தப் பாடத்துல முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு.

மையவிலக்கு விசைன்னு சொல்றாங்களே அது என்ன சார்னா, 1673ல டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வட்டச் சுழற்சி பத்தின விதிகளை வெளியிட்டப்போ வெளியே தள்ளுற மாதிரிதான் பேசினாரு, 1687ல நியூட்டன்தான் உள்ள இழுக்கிற விசைங்கிற பக்கம் திருப்பினாரு. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே நிதானம் தேவைப்பட்ட விஷயம், அதனால உடனே புரியலைன்னு யாரும் மனசு விடவேண்டாம். பஸ் வளைவுல திரும்பும்போது நீங்க ஜன்னல் பக்கம் சாயுறீங்க, யாரோ வெளியே தள்ளுற மாதிரி இருக்கும். ரோட்டோரமா நின்னு பாக்கிற ஆளுக்கு அப்படித் தெரியாது, உங்க உடம்பு நேரா போகப் பாக்குது, பஸ்ஸு உங்களுக்குக் கீழ திரும்புது, கடைசில ஜன்னல் வந்து உங்களை உள்ள தள்ளுது. நம்ம கணக்கு எல்லாம் ரோட்டோரமா நிக்கிற ஆளோட கண்ணுல இருந்துதான், அந்தக் கண்ணுக்கு வெளியே தள்ளுற விசைன்னு ஒண்ணு கிடையாது.

கணக்கைக் கைல எடுத்ததும் என்ன பண்ணணும்

முதல்ல எந்தப் பொருள் சுத்துது, அது போற வட்டம் எது, அந்த வட்டத்தோட மையம் எங்க. இதை எழுதாம பேனாவை நகத்தாதீங்க. வட்டம் தரைக்கு இணையா படுத்திருக்கா, இல்ல ராட்டினம் மாதிரி செங்குத்தா நிக்குதான்னு பாருங்க, ஏன்னா படுத்திருந்தா எடை மையத்தைப் பாத்து இழுக்காது, நின்னா சில இடத்துல இழுக்கும். அடுத்து யூனிட், கிலோமீட்டர்/மணியை 3.6ஆல வகுத்தா மீட்டர்/வினாடி, நிமிஷத்துக்கு இத்தனை சுத்துன்னா 60ஆல வகுத்து 2 பையால பெருக்கினா ஒமேகா. அப்புறம் படம், நிஜ விசைங்க மட்டும். பிறகு மையத்தைப் பாத்த திசையை ப்ளஸ்னு வச்சுக்கிட்டு அந்தத் திசையில இருக்கிற எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு எம் வி² ÷ ஆர்க்கு சமம்னு எழுதுங்க. வட்டம் படுத்திருந்தா மேல கீழ திசையில கூட்டுத்தொகை பூஜ்யம், அது ரெண்டாவது சமன்பாடு. பெரும்பாலும் இந்த ரெண்டே போதும்.

ஆரம்ங்கிற இடத்துல ஒரு எச்சரிக்கை. போர்ட் லூயிஸ்ல ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தய மைதானம் இருக்கு, 1812ல ஆரம்பிச்சது, ஒரு சுத்து கிட்டத்தட்ட 1300 மீட்டர். குதிரை 16 மீட்டர்/வினாடி வேகத்துல ஓடுது முடுக்கம் என்னன்னு நான் கேட்டா பசங்க உடனே 1300ஐ 2 பையால வகுத்து ஆரம் 207 மீட்டர்னு எடுத்துடுறாங்க. மைதானம் முழு வட்டம் இல்லையே! நேரா ஓடுற பகுதியில மையத்தைப் பாத்த முடுக்கமே கிடையாது, வளைவுல மட்டும்தான், அந்த வளைவோட ஆரம் தனியா வேணும். 80 மீட்டர்னு குடுத்திருந்தா 256 ÷ 80 = 3.2. 207ஐப் போட்டிருந்தா 1.24 வந்திருக்கும், பாதிகூட இல்ல.

இதே தப்பு பூமி கணக்குலயும் வரும். மொரீஷியஸ் தெற்கு அட்சரேகை 20 டிகிரில இருக்கு. பூமி சுத்தும்போது நாம போற வட்டத்தோட மையம் பூமியோட நடு இல்ல, பூமியோட அச்சுல நமக்கு நேரா இருக்கிற புள்ளி. அதனால ஆரம் 6370 கிலோமீட்டர் இல்ல, 6370 × காஸ் 20 = சுமார் 5986 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு 86400 வினாடி, வேகம் கிட்டத்தட்ட வினாடிக்கு 435 மீட்டர் வரும். நாம வீட்ல சும்மா உக்காந்திருக்கும்போதே அவ்வளவு வேகம்! ஆனா முடுக்கம் 435² ÷ 59,86,000 = 0.032தான், ஜி-ல 0.3 சதவீதம், அதனாலதான் ஒண்ணும் தெரியல. வேகம் பெருசா இருந்தா முடுக்கமும் பெருசா இருக்கணும்னு இல்ல, ஆரமும் பேசும்.

ரவுண்டபவுட்

இந்தத் தீவுல இருக்கிறவங்களுக்கு ரோன்ப்வென் (க்ரியோல்ல ரவுண்டபவுட்) தெரியாம இருக்க முடியாது, வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா முதல் பயமே அதுதான். 1200 கிலோ கார், ஆரம் 25 மீட்டர், தட்டையான ரோடு, வேகம் 36 கிலோமீட்டர்/மணி, அதாவது 10 மீட்டர்/வினாடி. முடுக்கம் 100 ÷ 25 = 4. விசை 1200 × 4 = 4800 நியூட்டன். யார் குடுக்கிறது? இஞ்சின்னு சொல்வாங்க, ஸ்டியரிங்னு சொல்வாங்க. ரெண்டும் காருக்குள்ளயே இருக்கிறது, காரை வெளியிலிருந்து தள்ள முடியாது. ரோடு டயரை உள்பக்கமா உரசித் தள்ளுது, ஃப்ரிக்‌ஷன்தான் அந்த 4800 மொத்தமும். டயரும் ரோடும் தொடுற இடத்துல ஒண்ணோட ஒண்ணு நழுவாம இருக்கிறதால இது ஸ்டாட்டிக் ஃப்ரிக்‌ஷன், டயர் உருளுதேன்னு கைனடிக் (நழுவும்போது வர்றது) போட்றாதீங்க.

இப்ப கேள்வி இப்படி வரும், அதிகபட்சம் எவ்வளவு வேகத்துல போகலாம். ஃப்ரிக்‌ஷன் குடுக்கக்கூடிய உச்சம் மியூ (எவ்வளவு உரசும்னு சொல்ற எண்) × நார்மல், தட்டை ரோட்டுல நார்மல் = எம் ஜி. அதனால மியூ எம் ஜி = எம் வி² ÷ ஆர். நிறை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போகுது, வி² = மியூ × ஜி × ஆர். காய்ஞ்ச ரோட்டுக்கு மியூ 0.8னு வச்சா வி² = 196, வேகம் 14 மீட்டர்/வினாடி, 50 கிலோமீட்டர்/மணி. மழை பெய்ஞ்சு மியூ 0.4 ஆயிடுச்சுன்னா வி² = 98, வேகம் 9.9, மணிக்கு 36ஐத் தொடுறதுக்குள்ளயே வழுக்கிடும். காலைல காய்ஞ்ச ரோட்டுல நிம்மதியா திரும்பின அதே வேகம் சாயங்காலம் க்யூபிப் ஊர் மழையில எல்லைக்கு மேல போயிடுது. மியூ பாதியானா வேகம் பாதியாகல, ரூட் 2ஆல வகுபடுது, இதையும் கவனிங்க. நிறை அடிபட்டுப் போனதால காலி கார்னாலும் அஞ்சு பேர் உக்காந்த கார்னாலும் இந்தக் கணக்குக்கு ஒரே வேகம்தான். பரீட்சைல "நிறை இரட்டிப்பானா என்னாகும்"னு கேட்டா பயந்து மாத்தாதீங்க.

வழுக்கினா வண்டி எங்க போகும்? வெளிப்பக்கமா, மையத்துக்கு நேர் எதிரா பறக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. அந்த நொடியில எந்தத் திசையில போயிட்டிருந்ததோ அந்தத் தொடுகோட்டுலயே (வட்டத்தை அந்த இடத்துல தொட்டுட்டுப் போற நேர்கோடு) கிட்டத்தட்ட நேரா போகும். இதுக்கு எனக்குத் தெரிஞ்சு மிகச் சிறந்த உதாரணம் நம்ம தீவோட சர்க்கரை ஆலைதான், அதைக் கொஞ்சம் விரிவா பாப்போம், ஏன்னா இங்க மூணு தலைமுறை அதுல வேலை பாத்திருக்கு, நம்ம முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க, அந்த மெஷினோட ஃபிசிக்ஸ் நம்ம பிள்ளைங்களுக்கு அத்துப்படியா இருக்கணும்னு எனக்கு ஆசை.

சர்க்கரை ஆலை கணக்கு

கரும்புச்சாறைக் காய்ச்சி இறுக்கினா கடைசில சர்க்கரைப் படிகமும் பிசுபிசுன்னு மொலாசஸும் கலந்த ஒரு கூழு கிடைக்கும். ரெண்டையும் பிரிக்க சென்ட்ரிஃபியூகல் மெஷின்ல போடுவாங்க, உள்ள ஓட்டை ஓட்டையா ஒரு கூடை, அதுக்குள்ள மெல்லிசா சல்லடை, மொத்தமும் வேகமா சுத்தும். ஆரம் 0.6 மீட்டர், நிமிஷத்துக்கு 1200 சுத்துன்னு வச்சுக்குவோம்.

1200 ÷ 60 = வினாடிக்கு 20 சுத்து. ஒமேகா = 20 × 2 பை = 125.7 ரேடியன்/வினாடி. சுத்து எண்ணிக்கை குடுத்திருக்காங்க, அதனால ஆர் ஒமேகா² தான் வசதி, 0.6 × 125.7² = சுமார் 9480 மீட்டர்/வினாடி². ஜி-யால வகுத்தா 966 வரும். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு! விளிம்போட வேகம் 0.6 × 125.7 = 75 மீட்டர்/வினாடி, மணிக்கு 271 கிலோமீட்டர்.

ஒரு கிராம் படிகத்தை எடுத்துக்குவோம், நிறை 0.001 கிலோ, தேவையான விசை 9.5 நியூட்டன். ஒரு கிராமோட எடை வெறும் 0.0098 நியூட்டன்தான், அதனால எடையை இங்க தைரியமா விட்டுடலாம். இப்ப அதே கேள்வி, யார் குடுக்கிறது? சல்லடை. படிகம் சல்லடை ஓட்டையை விடப் பெருசு, அதனால சல்லடை அதை உள்பக்கமா தள்ளி வட்டத்துலயே வச்சிருக்கு. மொலாசஸ் ஓட்டைக்கு நேரா வந்ததும் அதை உள்ள தள்ள யாரும் இல்ல. விசை இல்லைன்னா நேர்கோடு, தொடுகோட்டுல போய் வெளி உறையில மோதி வழிஞ்சு இறங்குது. மொலாசஸை எந்த விசையும் வெளியே இழுக்கல, உள்ள பிடிச்சு வைக்க ஆள் இல்லாததாலதான் அது போகுது. இந்த ஒரு வரி புரிஞ்சா வட்டச் சுழற்சி புரிஞ்சுது. சர்க்கரை ஆலையை நேர்ல பாக்காதவங்க பாம்ப்ளெமூஸ் பக்கம் போ ப்ளான்ல பழைய ஆலையை மியூசியமா ஆக்கி வச்சிருக்காங்க, லவென்ச்சூர் த்யூ சூக்ர், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க.

இன்னொரு விஷயம், ஒமேகாவுக்கு ஸ்கொயர் இருக்கிறதால சுத்து வேகத்தை 1200ல இருந்து 1500 ஆக்கினா விசை 1.25² = 1.56 மடங்கு ஆயிடும். "கால் பங்குதானே கூட்டினோம்"னு நினைச்சா தப்பு. கூடையை டிசைன் பண்றவங்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு.

நிக்கிற வட்டம்

வாளில தண்ணி வச்சு தலைக்கு மேல சுத்துறது. தண்ணி கொட்டாது, ஏன்? இங்க வட்டம் செங்குத்தா நிக்குது, எடை எப்பவும் கீழ, ஆனா மையம் இருக்கிற திசை மாறிக்கிட்டே இருக்கு, அதனால மேல ஒரு சமன்பாடு, கீழ ஒரு சமன்பாடு, ரெண்டையும் தனித்தனியா எழுதணும்.

உச்சியில மையம் கீழ இருக்கு. எடையும் கீழ, கை இழுக்கிற டென்ஷனும் கீழ. ரெண்டும் மையத்தைப் பாத்துதான், அதனால டென்ஷன் + எம் ஜி = எம் வி² ÷ ஆர். அடியில மையம் மேல இருக்கு. டென்ஷன் மேல, எடை கீழ. டென்ஷன் − எம் ஜி = எம் வி² ÷ ஆர். குறியை மனப்பாடம் பண்ணாதீங்க, மையம் எந்தப் பக்கம்னு விரலால காட்டிட்டு எழுதுங்க.

2 கிலோ வாளி, ஆரம் 0.9 மீட்டர், உச்சியில வேகம் 4 மீட்டர்/வினாடி. எம் வி² ÷ ஆர் = 2 × 16 ÷ 0.9 = 35.6 நியூட்டன். எடை 19.6. உச்சியில டென்ஷன் 35.6 − 19.6 = 16 நியூட்டன் (துல்லியமா 15.9). எடை தன் பங்கை மையத்தைப் பாத்து இழுத்துக் குடுத்துட்டதால கைக்கு வேலை குறைஞ்சிடுச்சு. வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல டென்ஷன் பூஜ்யம் ஆகும், எடை மட்டுமே போதும்ங்கிற நிலை, எம் ஜி = எம் வி² ÷ ஆர், வி = ரூட் (ஜி ஆர்) = ரூட் 8.83 = 2.97. அதுக்கும் கீழ போனா எடை தேவைக்கு மேல இழுக்குது, வட்டத்தை விட்டு உள்ள விழும், தலைல தண்ணி. தண்ணிக்கும் இதே கணக்குதான், அதுவும் விழுந்துக்கிட்டேதான் இருக்கு, வாளியும் அதே அளவுக்குத் திரும்பிக்கிட்டே இருக்கு, அதனால கொட்டல.

அடியில டென்ஷன் கேட்டா இங்கதான் இன்னொரு பொறி. வேகம் மாறாம சுத்துதுன்னு கேள்வில சொல்லியிருந்தா 35.6 + 19.6 = 55.2, முடிஞ்சது. ஆனா கயித்துல கட்டின கல்லு தானா சுத்துதுன்னு சொன்னா மேல இருந்து கீழ வரும்போது வேகம் ஏறும், எனர்ஜி கணக்கு போடணும், கீழ வி² = மேல வி² + 4 ஜி ஆர் = 16 + 35.3 = 51.3. டென்ஷன் = 2 × 51.3 ÷ 0.9 + 19.6 = 133.6. இப்படித் தானா சுத்தும்போது அடி டென்ஷனுக்கும் உச்சி டென்ஷனுக்கும் வித்தியாசம் எப்பவும் எடையில 6 மடங்கு வரும், இங்க 133.6 − 15.9 = 117.7, எடை 19.62ஐ 6ஆல பெருக்கினா அதே 117.7. சரி பாக்க இதை விட நல்ல வழி இல்ல.

சாய்வா இழுக்கும்போது

ஃபேன்சி ஃபேர்ல (பொருட்காட்சி மாதிரி) சங்கிலி நாற்காலி ராட்டினம் பாத்திருப்பீங்க, சுத்த சுத்த நாற்காலி வெளிய விரிஞ்சு போகும். விசை ரெண்டே ரெண்டு, எடை கீழ, சங்கிலி டென்ஷன் சாய்வா மேல. வட்டம் படுத்திருக்கு. சங்கிலி செங்குத்துல இருந்து சாயுற கோணம் தீட்டா. டென்ஷனை ரெண்டா பிரிங்க, செங்குத்து பங்கு எடையைத் தாங்குது, டென்ஷன் × காஸ் தீட்டா = எம் ஜி. பக்கவாட்டுப் பங்கு மையத்துக்கு, டென்ஷன் × சைன் தீட்டா = எம் வி² ÷ ஆர். ஒண்ணை ஒண்ணால வகுங்க, டேன் தீட்டா = வி² ÷ (ஆர் ஜி). நிறையும் போச்சு டென்ஷனும் போச்சு, அதனாலதான் குண்டு மாமா உக்காந்த நாற்காலியும் சின்னப் பாப்பா உக்காந்த நாற்காலியும் கிட்டத்தட்ட ஒரே சாய்வுல பறக்குது.

சங்கிலி 5 மீட்டர், நடுத்தூண்ல இருந்து 3 மீட்டர் தள்ளி மாட்டியிருக்கு, சாய்வு 30 டிகிரி. ஆரம் என்ன? 5 இல்ல, 3ம் இல்ல, 3 + 5 × சைன் 30 = 5.5 மீட்டர். வி² = 5.5 × 9.81 × 0.577 = 31.1, வேகம் 5.6, ஒரு சுத்துக்கு 2 பை × 5.5 ÷ 5.6 = சுமார் 6.2 வினாடி. போன் ஸ்டாப்வாட்ச்ல நேரத்தைப் பிடிச்சு, கோணத்தைக் கண்ணால மதிப்பிட்டு நீங்களே போட்டுப் பாக்கலாம், இந்தப் பாடத்துல கைக்கு எட்டுற பரிசோதனை இதுதான்.

சாய்வான ரோடும் சாய்வான தண்டவாளமும் இதே கணக்குதான், டென்ஷனுக்கு பதிலா நார்மல், அவ்வளவுதான். போர்ட் லூயிஸ்ல இருந்து க்யூபிப் போற மெட்ரோ எக்ஸ்ப்ரஸ் மாதிரி ஒரு ட்ராம் 300 மீட்டர் ஆர வளைவுல 60 கிலோமீட்டர்/மணி வேகத்துல போகுதுன்னு நானா வச்சுக்கிட்ட நம்பர்ல போட்டா, வி = 16.7, டேன் தீட்டா = 278 ÷ 2943 = 0.094, கோணம் 5.4 டிகிரி. தண்டவாள இடைவெளி 1.435 மீட்டர்னா வெளித் தண்டவாளம் 13.5 சென்டிமீட்டர் உயரமா இருந்தா சக்கரம் பக்கவாட்டுல தண்டவாளத்தை அழுத்தவே வேண்டாம். ஒரு இடத்துல மட்டும் கவனம், சாய்வான ரோட்டுல நார்மல் = எம் ஜி காஸ் தீட்டான்னு சறுக்குப் பலகை கணக்குப் பழக்கத்துல எழுதிடாதீங்க. அங்க பொருள் சாய்வோட கீழ சறுக்குது, இங்க முடுக்கம் படுக்கையா மையத்தைப் பாத்து இருக்கு, அதனால நார்மல் × காஸ் தீட்டா = எம் ஜி. நல்லா படிக்கிற பிள்ளைங்க கூட மார்க்கை விடுற இடம் இது.

கயிறே இல்லாத வட்டம்

சர்வதேச விண்வெளி நிலையம் தரைக்கு மேல சுமார் 400 கிலோமீட்டர்ல சுத்துது, அங்க கயிறும் இல்ல ரோடும் இல்ல, யார் இழுக்கிறது? பூமி, அது ஒண்ணுதான் ஆள். அங்க ஈர்ப்பே இல்லைன்னு நினைக்கிறாங்க, ஈர்ப்பு இல்லைன்னா அது நேர்கோட்டுல போயிருக்கும். ஆரம் 6370 + 400 = 6770 கிலோமீட்டர், அங்க ஜி = 9.81 × (6370 ÷ 6770)² = 8.69. தரைல இருக்கிறதுல 89 சதவீதம்! எம் × 8.69 = எம் வி² ÷ ஆர், வி = ரூட் (8.69 × 67,70,000) = 7670 மீட்டர்/வினாடி. சுத்துற நேரம் 2 பை × 67,70,000 ÷ 7670 = 5546 வினாடி, 92 நிமிஷம். நிஜமாவே அது கிட்டத்தட்ட அவ்வளவுதான் எடுத்துக்குது. ரவுண்டபவுட் கார்க்குப் போட்ட அதே ஒரு சமன்பாடு.

வீட்ல போட்டுப் பாக்க மூணு கணக்கு தர்றேன், விடையைப் பாக்காம முதல்ல படம் போடுங்க.

மேடு மாதிரி வளைஞ்ச பாலம், வளைவு ஆரம் 40 மீட்டர், உச்சியில கார் டயர் ரோட்டை விட்டுக் கிளம்புற வேகம் என்ன? (எடைக்கு எதிரா நார்மல் மேல, கிளம்பும்போது நார்மல் பூஜ்யம், வி = ரூட் (9.81 × 40) = 19.8 மீட்டர்/வினாடி, மணிக்கு 71 கிலோமீட்டர்.)

வாஷிங் மெஷின் ட்ரம் ஆரம் 0.24 மீட்டர், 1000 சுத்து/நிமிஷம், முடுக்கம் ஜி-ல எத்தனை மடங்கு? (ஒமேகா 104.7, முடுக்கம் 2632, சுமார் 268 மடங்கு. உள்ள தள்ளுறது ட்ரம் சுவர்.)

தாத்தா காலத்து சேகா (எங்க ஊர்ப் பாட்டு) ரெக்கார்டு சுத்துற ப்ளேயர்ல மையத்துல இருந்து 12 சென்டிமீட்டர்ல ஒரு காசை வைங்க, மியூ 0.3. நிமிஷத்துக்கு 33⅓, 45, 78 சுத்து, இந்த மூணு வேகத்துல எதுல காசு நிக்கும்? (ஒமேகா² = மியூ ஜி ÷ ஆர் = 24.5, ஒமேகா 4.95, நிமிஷத்துக்கு 47 சுத்து. முதல் ரெண்டுலயும் நிக்கும், 45ல மயிரிழைல தப்பிக்குது, 78ல தொடுகோட்டு வழியா கிளம்பிடும்.)